மைசூர் ராக்கெட்: நெருப்பாயுதமும் அதன் வரம்பும்

அடி அண்ணாமலைக்கு மேற்கே இருக்கிறது செங்கம். 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி - நிஜாம் கூட்டுப்படை, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையுடன் மோதியது. செங்கத்தில் வென்ற பிறகும், அரிசி இல்லாததால் ஸ்மித் திருவண்ணாமலைக்கு ஒதுங்க நேர்ந்தது. சரக்கு வராவிட்டால் வெற்றியும் நிலைக்காது. மைசூர் படையின் நெருப்பாயுதமான ராக்கெட்டுக்கும் இதே விதிதான்.

இரும்புக் குழாயில் வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த மருந்தை அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டினால் அது ராக்கெட். அட்டைக் குழாயைவிட இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்ந்தது. தூரத்தைக் கணித்துச் சாய்வை அமைக்க வீரர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. திப்பு சுல்தானின் படை விதிநூலான 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்', 'குஷூன்' எனும் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் 200 ராக்கெட் வீரர்களை ஒதுக்கியது.

எறிந்த ராக்கெட் திரும்பாது. எனவே போர்க்களத்துக்குப் பின்னால் பட்டறையும் கிடங்கும் ஓயாமல் இயங்க வேண்டும். பிதனூர் எனப்பட்ட இன்றைய நகரா கிராமத்தின் பாழ்கிணற்றில் 2018-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன.

கிடங்கே ஆபத்தாகவும் முடியும். 1799 மே 2 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் ராக்கெட் கிடங்கில் குண்டு விழுந்து பெரும் வெடிப்பு நேர்ந்தது. மே 4-இல் கோட்டை வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். உள்ளே ஏவத் தயாராக இருந்தவை 700. காலிக் குழாய்களோ 9,000. குழாய் இருந்தது, நிரப்பப்படவில்லை. கைப்பற்றியவற்றை ஆங்கிலேயர் லண்டனின் வுல்விச்சுக்குக் கொண்டுபோயினர். வில்லியம் காங்கிரீவின் ராக்கெட் அதிலிருந்து பிறந்தது.

1915-இல் ஜெர்மானியர் மேற்குப் போர்முனையில் தீப்பீய்ச்சியை இறக்கினர். முதுகில் சுமந்த எண்ணெய் சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஆனால் அந்த நொடிகளில் மனிதர்கள் உயிரோடு எரிந்தனர்.

இங்கேதான் மார்க்கம் நம்மை நிறுத்துகிறது. இருவரை எரிக்கும்படி முதலில் கட்டளையிட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை அல்லாஹ்வுக்கே உரியது என்று கூறி அதை மாற்றினார்கள் என அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. வேறு வழியில்லாத போர்நிலையில் கோட்டையின் மீது நெருப்பு எறிவதைப் பல ஃபுகஹாக்கள் அனுமதித்தனர். கைக்குள் வந்துவிட்ட எதிரியை எரிக்கக் கூடாது என்றனர்.

திப்புவின் ராக்கெட்டைப் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்லுங்கள். நெருப்புக்கு நம் மார்க்கம் போட்ட இந்த வரம்பையும் சேர்த்தே சொல்லுங்கள். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.