பொதுப் பெட்டியின் சாவி யாரிடம்?



நம் தோட்டங்களில் மரண சகாய நிதி நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேரும். துக்கம் நேர்ந்த குடும்பத்துக்கு அது போகும். பணம் எல்லாருடையது, கணக்கும் சாவியும் ஒருவரிடம். அவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதியின் ஆயுள் இருந்தது. காப்புறுதி நிறுவனங்களுக்கும் இதே கேள்வி ஒருநாள் வந்தது.

1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. படகில் ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போன லாரிகள் பாலத்தின் மேல் ஓடத் தொடங்கின. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் லாரி, பஸ் ஓட்டுநர்களானார்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, மற்றவருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதி இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. ஆனால் அபாயம் மிகுந்த வண்டிகளுக்கு நிறுவனங்கள் கை விரித்தன. காப்புறுதி கிடைக்காத ஓட்டுநருக்குப் பிழைப்பு போயிற்று. துணிந்து ஓட்டினாலோ, அடிபட்டவரின் குடும்பம் நட்டஈட்டுக்கு அலைய வேண்டும்.

ஆகவே 1992இல் மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டுநிதி அமைந்தது. பொதுக் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் அதில் உறுப்பினர்கள். நட்டத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நிர்வாகப் பொறுப்பு தேசிய மறுகாப்புறுதி நிறுவனத்திடம் வந்தது. நமக்குக் காப்புறுதி தரும் நிறுவனங்களுக்கே காப்புறுதி தருவதுதான் மறுகாப்புறுதி. அது வண்டிக்காரரைத் தேடி மற்ற நிறுவனங்களோடு போட்டியிடுவதில்லை. பங்காளிகளுக்கு நடுவே கணக்குப் பார்க்க, போட்டியில் இல்லாதவரே ஏற்றவர்.

ஆனால் நடுநிலை மட்டும் போதுமா? இந்தியாவின் அனுபவத்தைப் பார்ப்போம். அங்கே 2007 ஏப்ரலில் லாரி, பஸ் போன்ற வாணிப வாகனங்களுக்குக் கூட்டுநிதி தொடங்கியது. நிர்வாகி, மறுகாப்புறுதி நடத்தும் ஜி.ஐ.சி. நிறுவனம். சாவி நல்ல இடத்தில்தான் இருந்தது. ஆனால் பாலிசி விற்றதும், நட்டஈட்டு வழக்கைப் பார்த்ததும் அந்தந்த நிறுவனங்களே. நட்டம் எல்லாருக்கும் பொது என்றபோது, தன் பங்கு வேலையில் கவனம் குறைந்தது. நட்டம் பெருகி, 2012இல் அந்த நிதி கலைக்கப்பட்டது. அடுத்து வந்த நிதியில், விற்ற நிறுவனமே அபாயத்தில் நூற்றுக்கு 20 பங்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள்.

பொதுப் பணத்தைக் காக்க இரண்டு வேண்டும் என்று இதிலிருந்து அறிகிறோம். சாவி வைத்திருப்பவருக்குப் பெட்டியில் ஆசை இருக்கக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவருக்கோ, தன் காசும் அதில் கிடக்க வேண்டும். மரண சகாய நிதியில் தாமும் சந்தா கட்டிய பெரியவரை நாம் நம்பியது அதனால்தான்.