ஒளிப்படத்தில் பறவை இனங்காணல்: மதுரைச் சமவெளி

ஒளிப்படத்தில் பறவை இனங்காணல் என்பது, படத்தில் பதிவான உடலமைப்பு, இறகுகளின் தோற்றம், நிறம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு காட்டுப் பறவை எந்த இனம் என்று முடிவுசெய்யும் முறை. 19ஆம் நூற்றாண்டில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பாடம்செய்து வைத்துத்தான் இனத்தை உறுதிப்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1934இல் ராஜர் டோரி பீட்டர்சனும், இந்தியாவில் 1941இல் சாலிம் அலியும் வெளியிட்ட கையேடுகள், உயிரோடிருக்கும் பறவையைப் பார்த்தே பெயர் சொல்லும் பழக்கத்தைப் பரப்பின. இன்று அந்தப் பணியில் பெரும்பகுதியைக் கேமரா ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் படம் என்பது ஒரு நொடி. அந்த நொடியின் வெளிச்சமும் கோணமும் பறவையின் குணங்களாகத் தோன்றிவிடும். எனவே நிறத்தைவிட உடலமைப்பையும், தனிப் படத்தைவிட இடமும் பருவமும் குரலும் சேர்ந்த சூழலையும் நம்புவதே சரி. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும் குன்றுகளிலும் இதற்குச் சான்றுகள் நிறைய உண்டு.

கொக்குகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சாமநத்தம் போன்ற கண்மாய்களில் தண்ணீர் வற்றும்போது சின்னக் கொக்கு, இடைக் கொக்கு, பெரிய கொக்கு மூன்றும் ஒரே சேற்றில் இரை தேடும். மூன்றும் வெள்ளை. அலகு கறுப்பாக இருந்தால் சின்னக் கொக்கு, மஞ்சளாக இருந்தால் மற்றவை என்பது பலரும் கைக்கொள்ளும் விதி. இனப்பெருக்கக் காலத்தில் இது பொய்த்துப்போகும்; பெரிய கொக்குக்கும் இடைக் கொக்குக்கும் அப்போது அலகு கறுத்துவிடும். சின்னக் கொக்கின் மஞ்சள் விரல்கள் நல்ல அடையாளம்தான், ஆனால் கண்மாயில் அவை பெரும்பாலும் சேற்றுக்குள் புதைந்திருக்கும். பருவத்தோடு மாறாதது வாய்ப்பிளவின் கோடு. பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். இடைக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். கரையில் நிற்பவர் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத இந்தக் கோட்டை, பக்கவாட்டில் எடுத்த ஒரு தெளிவான படம் ஐயமறக் காட்டிவிடும். படத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. உருவ அளவைச் சொல்வதில் அதற்கு அந்தப் பலம் இல்லை. தொலைவு லென்ஸ் முன்னும் பின்னும் நிற்கும் பறவைகளை அருகருகே இருப்பதாகக் காட்டும். அதனால் சின்ன நீர்க்காகத்தையும் கொண்டை நீர்க்காகத்தையும் பெரிது, சிறிது என்று பிரிக்காமல், அலகு குட்டையா, மெலிந்து நீண்டதா என்று பார்க்க வேண்டும். வைரி என்னும் வேட்டைப் பறவையின் நிறத்தையும் வரிகளையும் அப்படியே கொண்டிருக்கும் அக்காக்குயிலைக் காட்டிக்கொடுப்பதும் அலகுதான். வேட்டைப் பறவைக்குரிய கொக்கி வளைவு அதில் இல்லை.

வல்லூறுகளில் பிழை நேர்ந்தால் விளைவு பெரிது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, அங்கு ஏறத்தாழ 250 பறவை இனங்கள் இருப்பதையும், அவற்றுள் லக்கர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் சிறப்பானவை என்பதையும் சுட்டியது. 2024இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டு, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த எதிர்ப்பில் பல்லுயிர்த் தலம் என்ற தகுதியும் வாதமாக முன்வைக்கப்பட்டது. ஒரு நிலத்தின் காப்புக்குப் பறவையின் பெயர் சாட்சியாகும்போது அந்தப் பெயர் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். லக்கருக்கு மீசைக்கோடு மெல்லியது, உச்சந்தலை செம்பழுப்பு, வயிறு வெளிறியது. பொரி வல்லூற்றின் துணையினமான ஷாகீனுக்குத் தலை கருங்கவசம் அணிந்தது போலிருக்கும், வயிறு செம்மை படர்ந்தது. புத்தகத்தில் இவ்வளவு தெளிவு. ஆனால் மாலை வெயில் லக்கரின் வெளிறிய வயிற்றிலும் செம்மையை ஏற்றும். இளம் லக்கரின் வயிறோ பெரும்பகுதி கரும்பழுப்பு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் வெளிறிய பொரி வல்லூறு குழப்பத்தைக் கூட்டும். வானத்தை நோக்கி எடுத்த படத்தில் நிறம் முற்றிலும் மறைந்து நிழலுருதான் மிஞ்சும். அப்போதும் லக்கரின் மெலிந்த இறக்கையும் நீண்ட வாலும், ஷாகீனின் அகன்ற இறக்கையடியும் குட்டை வாலும் தெரியும். இறக்கையை மடக்கிப் பாயும் கணத்தில் இந்த வேறுபாடும் கரைந்துவிடுவதால், தொடர்ச்சியாக எடுத்த பல படங்கள் தேவை.

படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் வந்தபின் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். தெளிவான படத்துக்கு அவை பெரும்பாலும் சரியான பெயரைத் தருகின்றன. புதியவர்களைப் பறவைகளிடம் அழைத்து வருவதில் அவற்றின் பங்கை மதிக்கத்தான் வேண்டும். ஆயினும் செயலி தருவது ஊகம். அதை அப்படியே பதிவேற்றினால், சரிபார்க்கப்படாத பெயர் நாளைக்குத் தரவாகிவிடும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இடத்தையும் பருவத்தையும் சான்றாகக் கொண்டால், தெரிந்த பறவையையே திரும்பத் திரும்பக் காண்போம், புதிய வரவு கண்ணில் படாமலே போகும் என்பது. ஆனால் சூழல் எந்தப் பெயரையும் தடுப்பதில்லை. எதிர்பாராத பெயருக்குக் கூடுதல் சான்று கேட்கிறது, அவ்வளவே. எடுத்துக்காட்டாக, வயலில் ஆண்டு முழுதும் காணும் வயல் நெட்டைக்காலியையும், குளிர்காலத்தில் வரும் பிளைத் நெட்டைக்காலியையும் படத்தால் பிரிப்பது வல்லுநர்களுக்கே கடினம். எழும்பிப் பறக்கும்போது பறவை எழுப்பும் குரலை அலைபேசியில் பதிந்துகொண்டால் வழக்கு எளிதாகும்.

ஆகவே, படமெடுப்பவர்கள் வெட்டித் திருத்தாத மூலக் கோப்பையும், மங்கலான படங்களையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நாள், இடம், பறவையின் செயல் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். ஐயம் தீராவிட்டால் 'லக்கர் அல்லது பொரி வல்லூறு' என்றே எழுதுங்கள். இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டிலும் இத்தகைய இரட்டைப் பெயர்களுக்கு இடமுண்டு.