மறுப்பின் விலை: பேர ஆட்டங்களின் ஆய்வு வரலாறும் குப்பனூர் மலைச்சாலையும்

முன்னுரை

சேலத்தை அடுத்த அயோத்தியாபட்டணத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை, குப்பனூரில்தான் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக மேலே போய்ச் சேரலாம். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் இன்னொரு சாலை மழைக்காலத்தில் மண் சரிந்து அடைபட்டால், வண்டிகள் குப்பனூர்ப் பக்கம் திருப்பிவிடப்படும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விளைந்ததைக் கீழே இறக்குபவருக்குக் குப்பனூர்ச் சாலை மாற்றுவழியாக இருப்பதோடு நிற்பதில்லை. வியாபாரியின் எதிரே நிற்கும்போது, “கட்டுப்படியாகாது அண்ணே, அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்” என்று சொல்லும் துணிவையும் தருகிறது.

எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பேரத்தைப் பற்றி நடந்துவரும் ஆய்வுகள் சுற்றிச்சுற்றி வந்து நிற்பதும் இந்தத் துணிவின் முன்னால்தான். கணிதத்தில் தொடங்கி, பொருளியல் ஆய்வுக்கூடம், மூளைப் படம், மலைக்கிராமம் என்று இடம் மாறிய இந்த ஆய்வின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பேரத்தில் நியாயத்தைக் கற்றுக்கொடுப்பது மறுப்பு. மறுக்க வசதியில்லாதவரிடம் பேரம் பேசுபவர் நியாயத்தைக் கற்பதில்லை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

கணக்காக மாறிய பேரம்

1950இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் ஜான் நாஷ் எழுதிய ‘பேரச் சிக்கல்’ என்ற கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21. அதில் வரும் எடுத்துக்காட்டு சிறுபிள்ளைகளின் பண்டமாற்றுப் போல இருக்கும். பில் என்பவனிடம் புத்தகம், சாட்டை, பந்து, மட்டை, பெட்டி. ஜாக் என்பவனிடம் பேனா, பொம்மை, கத்தி, தொப்பி. இருவரும் எதை எதற்கு மாற்றிக்கொள்வார்கள்? பேரம் முறிந்தால் ஒவ்வொருவருக்கும் என்ன மிஞ்சும் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் இருவரும் அடையும் ஆதாயங்களைப் பெருக்கினால் எங்கே மிகப் பெரிய தொகை வருகிறதோ அங்கே பேரம் படியும் என்றார் நாஷ். பேரம் முறியும்போது கையில் மிஞ்சுவது கூடினால், படியும் பேரத்தில் கிடைக்கும் பங்கும் கூடும். குப்பனூர்ச் சாலை ஒரு மலை விவசாயிக்குச் செய்வது இதைத்தான்.

1982இல் ஏரியல் ரூபின்ஸ்டீன் இதில் காலத்தைச் சேர்த்தார். ஒருவர் விலை சொல்ல, மற்றவர் மறுத்துத் தன் விலையைச் சொல்ல, இப்படியே மாறி மாறிப் பேரம் நீள்கிறது. நீள நீள இருவருக்குமே இழப்பு. யாருக்குப் பொறுமை அதிகமோ அவருக்குப் பெரிய பங்கு என்பது அவர் கணக்கின் விடை. இதை மலைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து பறித்துக் காயவைத்த மிளகு, மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும்; விலை ஏறட்டும் என்று காத்திருக்கலாம். பழுத்த பலா காத்திருக்காது. காலையில் இறக்கிய பழம் மாலைக்குள் விலைபோகாவிட்டால், மறுநாள் அதன் வாசனையே வியாபாரிக்குச் சாதகமாகப் பேசும். அதே விவசாயி, அதே வியாபாரி. மிளகுக்கு ஒரு குரல், பலாவுக்கு வேறு குரல்.

கொலோனில் ஒரு மறுப்பு

ரூபின்ஸ்டீன் கட்டுரை வந்த அதே ஆண்டில், ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் கூத், ரோல்ஃப் ஷ்மிட்பெர்கர், பெர்ன்ட் ஷ்வார்ட்ஸெ ஆகிய மூவர் பேரத்தை அதன் எலும்புக்கூடு வரை உரித்துக் காட்டினார்கள். ‘அல்டிமேட்டம் ஆட்டம்’ என்று இன்று வழங்கும் அதன் விதி இரண்டே வரி. ஒரு தொகையை எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் சொல்வார். மற்றவர் சம்மதித்தால் அப்படியே பங்கு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. எதிர்விலை சொல்ல வழியில்லை.

தன்னலம் மட்டுமே பார்க்கும் மனிதன், 100 ரூபாயில் 1 ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றுமில்லாததற்கு ஒரு ரூபாய் மேல் அல்லவா? பொருளியல் மாணவர்கள் 4 முதல் 10 மார்க் வரையான தொகையை வைத்து ஆடியபோது நடந்தது வேறு. பாதிக்குப் பாதி பிரித்தவர்கள் பலர். மிகக் குறைவாகக் கொடுத்தவர்களின் பங்கு தூக்கியெறியப்பட்டது. ஒரு வாரம் கழித்து அதே மாணவர்களை மறுபடி ஆடவைத்தபோது கொடுப்பவர்களின் ஆசை சற்றுக் கூடியிருந்தது. மறுப்பும் அதற்கேற்பக் கூடியது.

இதன்பின் ஆய்வுலகம் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. மனிதனுக்கு நியாய உணர்வு இருக்கிறது, அதனால் மறுக்கிறான் என்றது ஒரு பக்கம். ஆட்டம் புதிது, பழகினால் கோட்பாடு சொல்வதைக் கற்றுக்கொள்வான் என்றது மறுபக்கம். பேர ஆட்டம் கற்றலை ஆராயும் கருவியாக மாறியது இந்தச் சர்ச்சையில்தான்.

யார் முதலில் கற்கிறார்?

1991இல் ஆல்வின் ராத்தும் அவருடைய கூட்டாளிகளும் எருசலேம், லியுப்லியானா, பிட்ஸ்பர்க், டோக்கியோ ஆகிய நான்கு நகரங்களில் இரண்டு ஆட்டங்களை நடத்தினார்கள். முதலாவது அல்டிமேட்டம். இரண்டாவது சந்தை ஆட்டம்: விற்பவர் ஒருவர், வாங்க வருபவர்கள் பலர். சந்தை ஆட்டத்தில் நான்கு நகரங்களிலும் ஒரே முடிவு. சில சுற்றுகளிலேயே போட்டி விலையை உச்சிக்குத் தள்ளி, ஏறத்தாழ முழுத் தொகையும் விற்பவர் கைக்குப் போனது. அல்டிமேட்டத்தில் நகரத்துக்கு நகரம் வேறுபாடு நின்றது. பத்துச் சுற்று ஆடியும் யாரும் ‘ஒரு ரூபாய்’ கோட்பாட்டுக்கு இறங்கி வரவில்லை.

ஏன் என்பதற்கு ராத்தும் இடோ எரெவும் 1995இல் விடை சொன்னார்கள். பலன் தந்த செயல் மறுமுறை வரும் வாய்ப்புக் கூடும் என்ற எளிய கற்றல் விதியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். 100 ரூபாயில் 10 ரூபாய் மட்டும் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுப்பவருக்கு நட்டம் 10. கொடுக்க வந்தவருக்கு நட்டம் 90. இருவரில் அடி பலமாக விழுவது கொடுப்பவருக்கு. ஆகவே மறுக்கக் கூடாது என்று இவர் கற்பதற்கு வெகு முன்பே, குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று அவர் கற்றுவிடுகிறார். நியாயத்தை ஒருவருடைய குணமாக மட்டும் பார்த்த பார்வைக்கு இது ஒரு மாற்று. நட்டம் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் பாடம் சீக்கிரம் ஏறுகிறது.

துண்டுக்கு அடியிலும் மண்டைக்கு உள்ளேயும்

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டுப் பேசும் வழக்கம் உண்டு. தரகர் தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் விரிப்பார். எதிராளி தன் கையை அதற்குள் நுழைப்பார். வாய் வேறெதையோ பேசிக்கொண்டிருக்க, உள்ளே விரல்கள் ஆயிரத்தையும் நூற்றையும் அழுத்திச் சொல்லும். ஒரு விரல் உதறப்பட்டால் மறுப்பு. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது துண்டு அசைவது மட்டும். வாங்குபவர் மனத்தில் உள்ள உண்மையான உச்ச விலையோ துண்டுக்குள்ளும் வராது.

2010இல் மேகனா பட், டெரி லோரன்ஸ், காலின் கேமரர், ரீட் மாண்டேகு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இந்த மறைவை அப்படியே ஆட்டமாக்கியது. வாங்குபவருக்கு மட்டும் 1 முதல் 10க்குள் ஒரு மதிப்புக் காட்டப்படும். அவர் விற்பவருக்கு ஒரு விலையைப் பரிந்துரைப்பார். விற்பவர் அதைப் பார்த்துத் தன் விலையை வைப்பார். விலை மதிப்புக்குள் இருந்தால் வியாபாரம் முடியும். இப்படி 60 சுற்று. வியாபாரம் முடிந்ததா என்பது இடையில் சொல்லப்படாது. ஒரு சாரார் மதிப்புக்கு ஏற்ப உண்மையை ஒட்டியே பரிந்துரைத்தார்கள். இன்னொரு சாரார் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஒரே மாதிரி சொன்னார்கள். மூன்றாம் சாரார் கைதேர்ந்தவர்கள்: மதிப்புக் குறைவான சுற்றுகளில் அதிகம் சொல்லி நம்பிக்கையைச் சம்பாதித்து, மதிப்பு உயர்ந்த சுற்றுகளில் குறைத்துச் சொல்லி லாபத்தை அள்ளினார்கள். ‘இவன் பொய் சொல்லமாட்டான்’ என்று எதிராளி தன்னைப் பற்றிக் கற்கப்போவதை முன்கூட்டியே கணக்கிட்ட இவர்களின் மூளையில், முன்நெற்றிப் பகுதியின் இயக்கம் தனித்துத் தெரிந்தது.

மறுப்பு நேரும் கணத்தையும் மூளைப் படம் பிடித்தது. 2003இல் ஆலன் சான்ஃபியும் கூட்டாளிகளும் அல்டிமேட்டம் ஆட்டத்தில் இருந்தவர்களைப் படமெடுத்தபோது, அற்பப் பங்கு வந்ததும் அருவருப்போடு தொடர்புள்ள முன் இன்சுலா பகுதி கிளர்ந்தது. அதே அற்பப் பங்கைக் கணினி கொடுத்ததாகச் சொன்னபோது மறுப்புக் குறைந்தது. தொகை ஒன்றுதான், கொடுத்தவர் மனிதர் என்றால்தான் அது அவமதிப்பு.

ஆய்வுக்கூடத்தை விட்டு ஊருக்குள்

இதுவரை ஆடியவர்களில் பெரும்பாலோர் மேலை நாட்டு மாணவர்கள். 2000இல் ஜோசஃப் ஹென்ரிக், பெருவின் அமேசான் காட்டு மச்சிகெங்கா மக்களிடம் இதே ஆட்டத்தை ஆடிய முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் கொடுத்த சராசரிப் பங்கு 26 விழுக்காடு. அதை மறுப்பாரும் அநேகமாக இல்லை. தொடர்ந்து 15 சிறு சமூகங்களில் ஆய்வு விரிந்தது. இந்தோனேசியாவில் கூட்டாகத் திமிங்கில வேட்டையாடும் லமலேரா மக்கள் பாதிக்கு மேலேயே, சராசரி 58 விழுக்காடு கொடுத்தார்கள். சந்தைப் பழக்கமும் கூட்டு உழைப்பின் பலனும் கூடிய சமூகங்களில் பங்கும் கூடுகிறது என்பது அவ்வாய்வின் முடிவு. ‘பழங்குடி என்றால் சந்தை தெரியாதவர்’ என்று இதைப் படித்துவிடக் கூடாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காப்பிப் பயிர் ஏறிய மலை சேர்வராயன். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் இரண்டு நூற்றாண்டாகச் சந்தையின் ஓரத்தில் வாழ்பவர்கள்.

‘ஒரு இனத்துக்கு ஒரு நியாயம்’ என்ற எண்ணத்துக்கு இந்தியாவிலிருந்தே மறுப்பு வந்தது. சக்தி லாம்பாவும் ரூத் மேஸும் மத்திய இந்தியாவின் பஹாடி கோர்வா பழங்குடியினரின் 21 ஊர்களில் அல்டிமேட்டம் ஆட்டத்தை நடத்தி 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி, ஒரே இனம். ஆனால் ஊருக்கு ஊர் பங்கீடு மாறியது. பண்பாடு என்று நாம் பெயர் வைப்பது பல நேரங்களில் அந்தந்த ஊரின் சூழலே என்றார்கள்.

மறுக்க முடியாதவர்கள்

மாணவர்கள் ஆடியது கைச்செலவுக் காசு. தொகை பெரிதானால்? 1999இல் லிசா கேமரன் இந்தோனேசியாவில் தொகையை உயர்த்தியபோது, சிறு பங்கையும் ஏற்கும் மனம் கூடியது. 2011இல் ஸ்டெஃபன் ஆண்டர்சன், ஊரி நீசி, ஜான் லிஸ்ட் முதலியோர் வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் தொகையை 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை ஆயிரம் மடங்கு உயர்த்தினார்கள். குறைவாகக் கொடுக்கத் தூண்டும் விதத்தில் விளக்கக் குறிப்பை அமைத்திருந்தார்கள். 20 ரூபாயில் அற்பப் பங்கை விட்டெறிந்த கை, 20,000 ரூபாயில் அதை வாங்கிக்கொண்டது. மறுப்பு ஏறத்தாழ மறைந்தே போனது.

தமிழ்நாட்டிலும் இதற்கு அருகில் நிற்கும் ஒரு சோதனை நடந்தது. டான் ஏரியலி குழுவினர் மதுரை வட்டாரக் கிராமத்தினரை ஆறு விளையாட்டுகள் ஆடவைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உச்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. மிகப் பெரிய பரிசு வைக்கப்பட்டவர்களே மிக மோசமாக ஆடினார்கள். இது பேரமல்ல, ஆனால் பெரிய தொகை ஏழையின் கையை நடுங்க வைக்கும் என்பதற்குச் சாட்சி.

மறுப்புக்குப் பண விலை மட்டும் இல்லை. கார்லா ஹாஃப், மயூரேஷ் க்ஷேத்ரமாடே, எர்ன்ஸ்ட் ஃபேர் ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வேறொரு ஆட்டம் நடத்தினார்கள். தன் சாதிக்காரர் ஒருவர் ஏமாற்றப்பட்டால், சொந்தக் காசைச் செலவழித்து ஏமாற்றியவரைத் தண்டிக்கலாம். ஆதிக்க சாதியினர் அதிகம் தண்டித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் குறைவாகவே. பொருள் வசதியின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி நின்றது. எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம் அது எனலாம்.

இந்த ஆய்வுகளை ராத், எரெவ் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொடுப்பவர் நியாயத்தைக் கற்பது மறுப்பில் படும் அடியால் என்றால், மறுப்பே வராத இடத்தில் அவர் கற்க என்ன இருக்கிறது? ஆய்வுக்கூடத்தில் கண்ட பாதிக்குப் பாதி, மறுக்கக் கட்டுப்படியானவர்களின் நியாயம்.

முடிவுரை

நாஷ் கணக்கில் இருந்த ‘பேரம் முறிந்தால் மிஞ்சுவது’ என்ன என்ற கேள்வி, 50, 60 ஆண்டு கழித்து ஆய்வுகள் கிராமத்துக்குள் வந்தபோது திரும்பவும் நடுவில் வந்து உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் இதற்கு விடையாகச் சில ஏற்பாடுகள் உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, அன்றாட விலையைப் பலகையில் எழுதி வைத்து, பேரத்தையே ஓரமாக நிறுத்தியது. மலைவாழ் மக்களுக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள், ஒற்றை வியாபாரியை நம்பியிருக்கும் நிலைக்கு மாற்றாக வந்தவை. இவை நன்றாக நடக்கின்றனவா என்று பார்க்க விற்றுமுதல் கணக்கு மட்டும் போதாது. அவை இருப்பதால் எத்தனை பேர் வியாபாரியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

தமிழக மலைகளில் இனி பேர ஆட்டம் நடத்தப் போகும் ஆய்வாளருக்கு ஒரு வேண்டுகோள். யார் எத்தனை விழுக்காடு கொடுத்தார் என்பதைக் குறிப்பதற்கு முன்னால், மறுத்துவிட்டு வீடு திரும்பினால் அன்றிரவு அந்த வீட்டில் உலை ஏறுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் இல்லாத பங்கீட்டுக் கணக்கு பாதிக் கணக்குத்தான்.