வாடகையா, கொள்முதலா? ஒரு சட்டத்தொடரின் வரலாறு

'வாடகைக் கொள்முதல்' என்னும் சட்டத்தொடர் முரண்பட்ட இரு சொற்களின் சேர்க்கையாகும். தவணை முறையில் மகிழுந்து எடுத்தவர் அதைத் தாம் 'வாங்கியதாகவே' கூறுவார். சட்டமோ, அவர் தவணைகளைக் கட்டி முடித்து, வாங்கும் உரிமையைப் பயன்படுத்தும் வரை அவரை வாடகையாளர் என்றே கொள்கிறது. இவ்விடைவெளி தோன்றிய விதத்தையும், அது ஓரளவு குறைக்கப்பட்ட விதத்தையும் இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1889ஆம் ஆண்டு முகவர் சட்டப்படி, வாங்க ஒப்புக்கொண்டு பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பிறருக்கு விற்றால், நன்னம்பிக்கையுடன் பெற்றவருக்கே பொருள் உரியதாகும். 1893இல் லீ எதிர் பட்லர் வழக்கில் வீட்டுத் தளவாடங்களின் உரிமையாளர் இவ்வாறு தோற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் ஹெல்பி எதிர் மேத்யூஸ் வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. மாதம் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் வீதம் 36 மாதத் தவணைக்கு எடுக்கப்பட்ட பியானோ இடையிலேயே அடகு வைக்கப்பட்டது. எடுத்தவர் எப்போது வேண்டுமாயினும் பியானோவைத் திருப்பித் தரலாம் என ஒப்பந்தம் அனுமதித்ததால், அவர் 'வாங்க ஒப்புக்கொண்டவர்' அல்லர் எனச் சபை தீர்ப்பளித்தது; உரிமையாளர் வென்றார். வாடகையாளருக்கு அளிக்கப்பட்ட விருப்புரிமையே உரிமையாளருக்குக் கேடயமாயிற்று.

இதன் பின்விளைவைப் பெரும்பகுதித் தொகையைக் கட்டியபின் பொருளை இழந்த எளிய குடும்பங்கள் அனுபவித்தன. ஜாரோ தொகுதி உறுப்பினர் எல்லன் வில்கின்சன் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தடையிட்டது. அதன் வரம்புக்குட்பட்ட ஒப்பந்தங்களில், வாடகைக் கொள்முதல் விலையில் மூன்றிலொரு பங்கு செலுத்தப்பட்டபின் நீதிமன்ற ஆணையின்றிப் பொருளைப் பறிமுதல் செய்ய இயலாது.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் 1968 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்தது. இது பெரிதும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்தைத் தழுவியது. சிங்கப்பூர் 1969இல் தனக்கெனச் சட்டம் இயற்றியது. மலேசியச் சட்டப்படி, தொடர்ந்து இரு தவணைகள் தவறினாலன்றி அல்லது இறுதித் தவணை தவறினாலன்றிப் பறிமுதல் கூடாது. அதற்கு முன் 21 நாள் அவகாசத்துடன் எழுத்துவழி அறிவிப்புத் தரப்பட வேண்டும். ஆயினும் நீதிமன்ற ஆணை வேண்டும் என்னும் காப்பு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வந்தது. அதுவும் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் செலுத்தியவருக்கே உரியது.

இரு நாட்டு அளவுகோல்களும் வெவ்வேறு விலைகளைச் சார்ந்தவை. ஆதலின் நேரடி ஒப்பீடு பொருந்தாது. எனினும் 40,000 ரிங்கிட் ரொக்க விலையுள்ள வாகனத்திற்கு 29,000 ரிங்கிட் செலுத்தியவர் தவறினால், அறிவிப்புக் காலம் கடந்தபின் நீதிபதியின் பார்வைக்கு வராமலே வாகனத்தை இழக்க நேரிடும். பறிமுதலுக்குப் பின் பொருளின் மதிப்பைக் கணக்கிட்டு மிகுதியைப் பெறும் உரிமை அவருக்குண்டு என்பது உண்மையே. ஆனால் வேலைக்குச் செல்ல வாகனத்தை நம்பியிருப்பவருக்கு அவ்வுரிமை காலந்தாழ்ந்த ஆறுதலே.

எனவே, இச்சட்ட வரலாற்றை 'வாடகை' என்னும் சொல்லின் பிடியிலிருந்து 'கொள்முதல்' என்னும் சொல் படிப்படியாக மீண்டுவரும் வரலாறாகக் காணலாம் எனக் கருதுகிறோம். அம்மீட்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. இத்தொடரை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், இரு சொற்களில் எது முன்னிற்கிறது என்பதையும் சுட்டிக்காட்டுதல் நன்று.