உறைக்குள் ஒரு கலிங்கு

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வீக்கம், அவ்வளவுதான். பெரிய அச்சு விசிறியின் உருளை வடிவ உறை நேராக வந்து, இறக்கைகள் சுழலும் இடத்துக்குச் சற்று முன்னால் வளையமாகப் புடைத்து, மறுபடி ஒடுங்கும். விசிறியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சுவரில் வட்டமாக ஓர் இடைவெளி, அதன் பின்னால் ஒரு குழிவு, குழிவுக்குள் நெருக்கமாக வளைந்து நிற்கும் சின்னச் சின்னத் தகடுகள். அதில் எதுவும் சுழல்வதில்லை. மோட்டாரும் இல்லை, வால்வும் இல்லை.

விசிறிக்குள் வரும் காற்று குறையும்போது, இறக்கையை அது சந்திக்கும் கோணம் கூடுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் காற்று இறக்கையின் முதுகை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு விலகும். இதுதான் ஸ்டால். இரண்டு இறக்கைகளுக்கு நடுவே வழி அடைபட்டால் காற்று இரு பக்கமும் ஒதுங்கும். அதனால் ஒரு பக்கத்து இறக்கை திணறும், மறுபக்கத்து இறக்கை தெளியும். அடைப்பு இப்படியே இறக்கைக்கு இறக்கை தாவி, விசிறியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் சுற்றி வரும். ஆய்வாளர் எம்மன்ஸும் அவருடன் உழைத்தவர்களும் 1955-இல் இதை விளக்கினார்கள். அடைப்பு வந்து போகும் ஒவ்வொரு முறையும் இறக்கைக்கு ஓர் உதை விழுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிவதுபோல, அலுமினிய இறக்கையும் ஒருநாள் அடியோடு முறியும். முறிந்த ஒன்று மற்றவற்றையும் உடைத்துவிடும்.

குறை இறக்கையில் தெரிந்தால் இறக்கையைத்தான் திருத்தத் தோன்றும். சோவியத் நாட்டு இவானோவ் சுவரைத் திருத்தினார். 1965-இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஸ்டால் தொடங்கும்போது இறக்கை நுனியருகே காற்று சுழன்றபடி பின்வாங்குகிறது. சுழலும் காற்று வெளிப்பக்கம் தள்ளப்படுவது இயல்பு. அது போக ஓர் இடம் கொடுத்தார் இவானோவ். பின்வாங்கிய காற்று குழிவுக்குள் ஏறும், தகடுகள் அதன் சுழற்சியை அடக்கும், நேரான காற்றாக அது மீண்டும் முன்புறம் சேரும். ஏரியில் தண்ணீர் மிஞ்சினால் கலிங்கு வழியே போய்விடும். இந்தக் கலிங்கோ போனதைத் தெளியவைத்து ஏரிக்கே திருப்பி அனுப்புகிறது. காற்று குறையக் குறைய அழுத்தம் சரிந்து விழாமல் தொடர்ந்து ஏறுகிறது.

இதே உண்மையை ஜெட் எஞ்சின்காரர்கள் வேறு வாசல் வழியாகத் தொட்டார்கள். நாசாவுக்காக நடந்த கம்ப்ரஸர் சோதனைகளில், தேன்கூடு போலத் துளையிட்ட சுவர் வழியே காற்றை உறிஞ்சியும் ஊதியும் பார்த்தார்கள். இரண்டும் செய்யாமல் சும்மா விட்டபோதும் ஸ்டால் தள்ளிப்போனது! இதைத் தற்செயல் என்று ஒதுக்காமல் துரத்திப் போனதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1971-இல் கிளீவ்லேண்டில் இருந்த நாசாவின் லூயிஸ் மையம் பல வகைத் துளைச் சுவர்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. கிரெய்ட்ஸரும் குழுவினரும் 1979-இல் எல்லையையும் காட்டினார்கள்: கோளாறு நுனியருகே, சுவரோரத்தில் தொடங்கினால் மட்டுமே சுவர் கைகொடுக்கும். இறக்கையின் மேற்பரப்பிலேயே காற்று பிரிந்தால் பயனில்லை.

ஜப்பானில் மியாகே குழு 1987-இல் இவானோவின் வழியில் இந்தக் குழிவு வளையத்தை ஆராய்ந்தது. அதற்குள் அது தொழிற்சாலை விசிறிகளுக்கும் வந்துவிட்டிருந்தது.

விலை உண்டு. வளையம் இருந்தால் விசிறியின் செயல்திறன் கொஞ்சம் குறையும். ஆண்டு முழுக்க ஓடும் அனல் மின் நிலைய விசிறியில் அந்தக் கொஞ்சமும் நிலக்கரிக் கணக்கில் ஏறும், அங்கே யோசித்துத்தான் பூட்ட வேண்டும். சுரங்க ரயில் பாதையில் தயங்கக் கூடாது என்பேன். அங்கே ரயில் தன் முன்னால் இருக்கும் காற்றைப் பிஸ்டன்போலத் தள்ளிக்கொண்டு வருகிறது, கடந்ததும் பின்னால் இழுக்கிறது. காற்றோட்ட விசிறிக்கு நாள் முழுக்க இந்தத் தள்ளலும் இழுப்பும்தான். ஒவ்வொரு ரயிலுக்கும் சில நொடிகள் விசிறி ஸ்டாலின் விளிம்புக்குப் போகிறது. அந்த நொடிகளில் காற்று வளையத்துக்குள் ஏறி இறங்குகிறது. ரயில் போனபின் விசிறி பழையபடி ஓடுகிறது, எல்லா இறக்கைகளோடும்.