எந்த சப்ளை முதலில்?

5 வோல்ட் ஆர்டுயினோ உனோவையும் 3.3 வோல்ட் ராஸ்பெர்ரி பையையும் இணைக்க, நடுவே ஒரு லெவல் டிரான்ஸ்லேட்டர் சிப் வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எட்டுத் தட சிப்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம்: பழைய எஸ்என்74எல்விசி4245ஏ, பின்னால் வந்த டிஎக்ஸ்பி0108. இரண்டுக்கும் இரண்டிரண்டு சப்ளை உண்டு. எது முதலில் ஏறவேண்டும் என்பதில்தான் வேறுபாடு.

4245ஏ-யில் ஏ பக்கம் 5 வோல்ட், பி பக்கம் 3.3. திசையைச் சொல்லும் டிஐஆர் பின்னும், தடங்களைத் திறந்து மூடும் ஓஇ பின்னும் ஏ பக்க சப்ளையை நம்பியிருக்கின்றன. பி பக்கம் முந்திக்கொண்டால் அவற்றின் நிலை நிச்சயமில்லை. சிப்பின் வெளியீடும் எதிரே உள்ள கன்ட்ரோலரின் வெளியீடும் ஒரே கம்பியில் மோதலாம், மின்னோட்டம் எகிறலாம். அதனால்தான் முதலில் கிரவுண்ட், அடுத்து ஏ பக்கம் என்று டேட்டாஷீட் கறாராகச் சொல்கிறது. 5 வோல்ட்டிலிருந்தே ரெகுலேட்டர் வழியாக 3.3 எடுக்கும் போர்டில் இந்த வரிசை தானாகவே அமைந்துவிடும்.

டிஎக்ஸ்பி0108-இல் பக்கங்கள் மாறுகின்றன: குறைந்த வோல்ட் ஏ பக்கம், கூடியது பி பக்கம். டிஐஆர் பின்னே கிடையாது. எந்த சப்ளை முதலில் வந்தாலும் சிப் கெடாது. ஒரு பக்கம் பூஜ்ஜியத்தில் இருந்தால் எல்லா வெளியீடுகளும் விலகி நிற்கும். பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், இயங்கும்போது ஏ பக்கம் பி-யைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. 3.3 இருக்கும்போதே 5 வோல்ட்டை நிறுத்தும் கருவியில், ஓஇ-யை முன்கூட்டியே மூடிவிடுவதே முறை.

அந்த ஓஇ பின்னில்தான் பெரிய பொறி இருக்கிறது. 4245ஏ-யில் அது தாழ்ந்தால் தடம் திறக்கும். ஆகவே சப்ளை ஏறும்போது தடத்தை மூடி வைக்கும் ரெசிஸ்டர் ஏ பக்க சப்ளைக்குப் போக வேண்டும். டிஎக்ஸ்பி0108-இல் உயர்ந்தால் திறக்கும். ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழைய சர்க்யூட்டை அப்படியே நகலெடுத்தால், புதிய சிப் சப்ளை ஏறும்போதே திறந்துகொள்ளும்.

டிஎக்ஸ்பி0108-இன் வெளியீடு பலவீனமானது. 50 கிலோ ஓமுக்குக் குறைந்த புல்-அப்பை அது தாங்காது. அதனால், புல்-அப்பை நம்பியிருக்கும் ஐ2சி-க்கு ஆகாது.

தனித்தனி அடாப்டரில் ஓடும் இரு போர்டுகளுக்கு டிஎக்ஸ்பி0108 ஏற்றது. ஒரே 5 வோல்ட்டில் பிறக்கும் சப்ளை, கனமான சுமை, மாறாத திசை என்றால் 4245ஏ-யையே தேர்ந்தெடுப்பேன். எதை எடுத்தாலும் ஓஇ ரெசிஸ்டருக்கு போர்டில் இடம் விடுங்கள். அதை எந்தப் பக்கம் இழுப்பது என்பதை அந்தந்த டேட்டாஷீட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.