ஓட்டியவரும் ஓட வைத்தவரும்

மோட்டார்ப் பந்தயம் செல்வந்தர் வீட்டுப் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. அது முற்றிலும் தவறன்று. ஒரே நாள் பந்தயத்தில் தேய்ந்து தீரும் டயர்களின் விலையைச் சொன்னால், வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் வாரக்கூலி பெறும் இளைஞன் சிரித்துவிடுவான். எனினும் நமது அண்டை நகராகிய கோவையில் வாழ்ந்து மறைந்த கரிவர்தனின் வரலாற்றை அறியும்போது, அவ்வெண்ணத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியவர்களாகின்றோம்.

சுந்தரம் கரிவர்தன் 1954-இல் லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்தவர். 1910-இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய அந்த ஆலையைக் கொங்கு நாட்டில் அறியாதார் இலர். ஆலை உரிமையாளர் வீட்டுப் பிள்ளை காரை விரைந்து ஓட்டியதில் வியப்பேதும் இல்லை. அதன்பின் அவர் செய்ததே நம் கவனத்திற்குரியது.

அந்நாளில் தென்னகத்தின் பந்தயக் களம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பந்தயங்களை நடத்தியது. இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. சில்வர்ஸ்டோன், குட்வுட் ஆகிய போர்க்கால விமானதளங்கள் 1948-இல் பந்தயக் களங்களாயின. சோழவரத்திற்குக் கோண்டல் மகாராஜாவும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுக் கார்களோடு வந்தபோது, ஏனையோர் பியட், ஹெரால்டு கார்களைப் பிரித்துக் கோத்து ஈடுகொடுக்க முயன்றனர். வெற்றியில் திறமைக்கு எவ்வளவு பங்கு, பணத்திற்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இங்கிலாந்து இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருந்தது. 1946-இல் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் தம் பட்டறையில் சிறிய பியட் காரின் பாகங்களோடு 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டி ஒரு பந்தயக் காரைச் செய்தனர். விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. அவர்கள் தொடர்ந்து செய்த அவ்வகைக் கார் ஒன்றில்தான் 1948-இல் ஸ்டர்லிங் மாஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞர் பந்தய உலகில் நுழைந்தார். பின்னாளில் 16 கிராண்ட் பிரீ பந்தயங்களில் வென்ற அவர், உலகப் பட்டத்தை ஒருமுறையும் பெறவில்லை. 1958-இல் போர்ச்சுகல் பந்தயத்தில் அவருடைய போட்டியாளர் மைக் ஹாத்தோர்ன் காரை எதிர்த்திசையில் செலுத்தினார் என்று நடுவர்கள் தகுதி நீக்கம் செய்தனர். கார் நடைபாதையில்தான் சென்றது, ஓடுபாதையில் அன்று, என மாஸே முன்வந்து சாட்சி சொன்னார். ஹாத்தோர்னின் புள்ளிகள் நிலைத்தன. அவ்வாண்டு மாஸ் ஒரே புள்ளியில் பட்டத்தை இழந்தார். அந்த ஒரு புள்ளிக்காகவே அவர் இன்றும் நினைக்கப்படுகிறார் என்பது நமது கணிப்பு.

கரிவர்தனும் தம்மோடு போட்டியிடக்கூடியவர்களுக்கே கார் செய்து கொடுத்தார். 1988-இல் அவர் உருவாக்கிய 'பார்முலா மாருதி' ஒருவர் மட்டுமே அமரும் பந்தயக் கார். அதற்கு உயிர் கொடுத்தது, நம் தெருக்களில் ஓடிய மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சின். உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மெக்கானிக் எவரும் கைவைக்கலாம். எல்லார்க்கும் ஒரே எஞ்சின் ஆதலால் பணத்தைக் கொட்டி வேகத்தை வாங்க வழி குறைந்தது; வளைவில் யார் கை திறமானது என்பது வெளிப்பட்டது. லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த கோவை இத்தகைய முயற்சிக்கு ஏற்ற மண்ணே. பழைய தையல் இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்கித் தொழில் தொடங்கியோரைக் கண்ட திருப்பூர்க்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோவையின் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது பார்முலா மாருதியே. 2005-இல் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கி, பார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரானார் அவர். 2010-இல் அவரைத் தொடர்ந்த கருண் சந்தோக்கும் அதே காரில் தொடங்கியவர். இருவரையும் அங்குக் காணக் கரிவர்தன் இல்லை. 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் மாண்டார்.

ஒன்றை மறைக்கலாகாது. பார்முலா 1 வரை சென்ற அவ்விருவரும் வசதியான, பந்தயம் பழகிய குடும்பங்களின் பிள்ளைகள். கரிவர்தன் தாழ்த்தியது முதற்படியை மட்டுமே. ஐரோப்பாவை நோக்கிய மற்றப் படிகள் உயரமாகவே நின்றன. வேலம்பாளையத்து இளைஞனுக்கு அந்த முதற்படியும் எட்டாததாகவே இருந்திருக்கும். ஆயினும் மகாராஜாக்களின் களமாக இருந்ததைப் பட்டறைக்காரரும் நெருங்கும் களமாக்கியது சிறு செயலன்று.

2003-இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. அதை எழுப்பியதில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் விஜயகுமாருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கு ஓடிய எல்.ஜி.பி. பார்முலா கார்களும் ஊர்க்காரின் எஞ்சினைச் சுமந்தவையே.